யாழ்ப்பாணத்துச் சிறு கடைக்கு எந்த நாய் ரிபன் ஏற்றது?

செல்லப்பிராணிகளுக்கான சிறு கடையொன்றைத் தொடங்குகிறவர் நாய் உணவை நாலு இடத்தில் விலை விசாரித்து வாங்குகிறார். சங்கிலியை இழுத்துப் பார்க்கிறார். உண்ணி மருந்தின் காலாவதித் திகதியைப் படிக்கிறார். தலையில் கட்டும் ரிபன் முடிச்சு என்று வந்ததும், கண்ணுக்குப் பிடித்ததை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். சின்னச் சாமான், சின்ன விலை, இதற்கென்ன ஆராய்ச்சி என்ற எண்ணம். ஆனால் அந்தக் கடையிலுள்ள பொருட்களில் நாயின் கண்ணுக்கு மிக அருகில் மணிக்கணக்காக இருக்கப்போவது இதுதான். முடியை இழுத்துப் பிடிப்பதும் இதுதான். கழன்றால் நேரே வாய்க்குள் போகக்கூடியதும் இதுதான்.

ஆகவே நிறத்தையும் துணியையும் பிறகு பாருங்கள். முதலில் முடிச்சைத் திருப்பி, அது நாயின் உடம்பில் எதைக் கொண்டு பிடித்து நிற்கிறது என்று பாருங்கள். ரப்பர் வளையமா, கிளிப்பா, கழுத்துப்பட்டியில் கோக்கும் இலாஸ்ரிக்கா? யாழ்ப்பாணத்தில் விற்கப்போகிற கடைக்கு இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசி முடிவு அடங்கியிருக்கிறது.

எந்த நாய்க்கு விற்கப்போகிறோம்?

வெளிநாட்டு இணையக் கடைகளின் படங்களைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தடுமாற்றம். அந்தப் படங்களில் நிற்பவை பெரும்பாலும் யோர்க்‌ஷயர் டெரியர், மோல்டீஸ், ஷிட்சு ஆகிய மூன்று இனங்கள். மூன்றுக்கும் தலைமுடி நிறுத்தாமல் வளரும். கட்டாவிட்டால் கண்ணை மறைக்கும். அமெரிக்கன் கெனல் கிளப்பின் இன விதிகளிலேயே யோர்க்‌ஷயர் டெரியரின் உச்சிமுடியை நடுவில் ஒரு முடிச்சாகவோ, வகிடெடுத்து இரண்டு முடிச்சாகவோ கட்டலாம் என்று எழுதியிருக்கிறது. ஷிட்சுவின் உச்சிமுடியையும் கட்டிவிடுவதே வழக்கம். அந்த நாய்களுக்கு ரிபன் அலங்காரமாக வருவதற்கு முன்பே தேவையாக இருக்கிறது.

நம்முடைய ஒழுங்கைகளில் அப்படி முடியோடு எத்தனை நாய்கள் நடக்கின்றன? வீட்டுக்கு வீடு இருப்பது ஊர் நாய். குட்டை முடி, தலையில் கட்ட ஒன்றுமில்லை. அடுத்தது பொமேரேனியன், விளம்பரங்களில் ‘லயன் பொம்’ என்று போடுகிறார்களே, அதுவும் சேர்த்து. பிறகு லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட், டாஷண்ட். ஷிட்சு இப்போது கண்ணில் படுகிறது; ஆனால் சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பயந்து பல வீடுகளில் அதன் முடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டிய தலையில் குடுமிக்கான ரிபன் நிற்காது.

பொமேரேனியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு உடம்பெல்லாம் முடி என்பதால் எதையும் கட்டலாம் என்று தோன்றும். தலையில் இருப்பது அடர்ந்த குட்டை முடி, குடுமி எழாது. கழுத்தைச் சுற்றிப் பிடரிமுடி பொங்கி நிற்பதால் கழுத்துப்பட்டியும் உள்ளே மறைந்துபோகும். இரண்டு அங்குலச் சிறு முடிச்சைக் கழுத்துப்பட்டியில் கோத்தால் வாங்கியவருக்கே அது தெரியாது. பொமேரேனியனுக்கு நாலு அங்குல அகலத்துக்குக் குறையாத, விறைப்பாக எழும்பி நிற்கும் முடிச்சு வேண்டும். இல்லாவிட்டால் முக்கோணத் துணியாகக் கழுத்தில் கட்டும் லேஞ்சி வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருக்கிற கடைக்காரரிடம் அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

நாயை அலங்கரிப்பது பிற தேசத்துப் பழக்கம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வைரவர் கோயில் இல்லாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் குறைவு. வைரவரின் வாகனத்துக்கு மாலை சாத்திப் பார்த்த கண்கள் நம்முடையவை. வளவுக்குள் படுத்துக் காவல் காக்கிற உயிருக்குத் தைப்பொங்கலன்று ஒரு புதுத்துணி முடிச்சுப் போடுவதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை.

பிடிக்கும் வழிகள்

சிறிய ரப்பர் வளையம் வைத்த முடிச்சை எடுத்துக்கொள்வோம். நாய்களுக்கு முடி வெட்டி அலங்கரிப்பவர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்துவது இதைத்தான். பல் வரிசையை நேராக்கக் கட்டும் கம்பிக்குப் போடும் வளையத்தின் வகையைச் சேர்ந்தது. எடை இல்லை, உலோகம் இல்லை, குடுமியின் அடியில் பதிந்து நிற்கும். மோல்டீஸ், ஷிட்சு போன்ற பட்டுப்போன்ற முடியில் வழுக்காமல் பிடிப்பதற்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை.

இதன் குறைகள் கழற்றும்போது தெரிகின்றன. இழுத்துக் கழற்றினால் முடி கொத்தாக அறுந்து வரும். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் வளையத்தை வெட்டி எடுக்க வேண்டும். அதாவது ஒரு தடவை போட்டால் ஒரு வளையம் தீர்ந்தது. இறுக்கிக் கட்டி நாள்கணக்கில் விட்டால் தோல் இழுபட்டு, அந்த இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கையாகும். சில நாய்களில் முடி திரும்பி முளைப்பதே இல்லை. தோல் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கும் பாதிப்பு இது. இதைவிடக் கொடியது காதில் நடப்பது. காது நுனி முடியில் ரிபன் கட்டும்போது காதுமடலின் தோலும் வளையத்துக்குள் அகப்பட்டுவிட்டால் இரத்தவோட்டம் நின்று அந்தத் துண்டு அழுகிப்போகும். நீண்ட முடிக்குள் மறைந்திருப்பதால் வீட்டாருக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். காதுக்கென்று சோடியாக வரும் ரப்பர் முடிச்சுகளை வாங்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

கடைக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. இயற்கை ரப்பர் சூட்டிலும் வெளிச்சத்திலும் பழுதாகும்; ஒட்டிக்கொள்ளும் அல்லது விண்டுபோகும். தகரக் கூரையின் கீழுள்ள சிறு கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் ஆறு மாதம் தொங்கிய பொதியை வாங்கிக்கொண்டு போனவர், முதல் இழுப்பிலேயே வளையம் அறுவதைப் பார்ப்பார். ஆகவே இந்த வகையைக் குறைவாக வாங்கி, வெளிச்சம் படாத மூடிய டப்பாவில் வைத்து, உதிரி வளையங்களைத் தனியாகவும் விற்க வேண்டும்.

அடுத்தது கிளிப். வாய் திறந்து கவ்வும் தட்டைக் கிளிப்பைப் பிள்ளைகளே போட்டுவிடலாம், கழற்றுவதும் எளிது, பல மாதம் பாவிக்கலாம். கடைக்கு வரும் பெற்றோருக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. நாய் தலையை உதறும். பாயில் முகத்தைத் தேய்க்கும். பின்னங்காலால் காதடியைச் சொறியும். அப்போது கிளிப் சறுக்கிக் கீழே வந்தால் அது நிற்கும் இடம் கண். ஷிட்சுவின் கண்கள் ஆழமில்லாத குழியில் வெளியே தள்ளியிருப்பவை. ஒரு கீறல் கருவிழிப் புண்ணாக மாறி மிருக வைத்தியரிடம் ஓட வைக்கும். ரிபன் தேவைப்படுகிற இனமே கிளிப்பைத் தாங்க முடியாத இனமாக இருக்கிறது.

துருவும் இருக்கிறது. மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் களப்புமாக இருக்கும் குடாநாட்டில் பூச்சில்லாத இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது ஒவ்வொரு வீட்டுக் கேற்றுக்கும் தெரியும். துருப்பிடித்த கிளிப் வெள்ளை முடியில் விடும் மஞ்சள் கறை சவர்க்காரத்துக்குப் போகாது. கிளிப் வகையைத்தான் வாங்குவேன் என்கிறவர் குறைந்தபட்சம் ஒன்றை உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு ஈரத்தோடு வெளியில் வைத்துப் பார்க்கட்டும். விளிம்பில் செம்மை தெரிந்தால் அந்தப் பொதி வேண்டாம்.

தட்டோடு பூட்டும் நீளக் கிளிப் அதைவிடப் பாரம். வெல்க்ரோ முடியையும் மணலையும் அள்ளிச் சேர்த்துக்கொள்ளும். ஒட்டும் பசை வைத்த முடிச்சுகளும் சந்தைக்கு வருகின்றன. பசையை முடியில் ஒட்டிப் பிய்த்து எடுப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. இவை மூன்றும் கடைக்குத் தேவையில்லை.

கடைசியாக, கழுத்துப்பட்டியில் கோக்கும் முடிச்சு. இதன் பின்பக்கத்தில் இரண்டு இலாஸ்ரிக் வளையங்கள் தைத்திருக்கும். நாய் ஏற்கெனவே அணிந்திருக்கும் பட்டியை அவற்றுக்குள் நுழைத்தால் போதும். முடியே இல்லாத ஊர் நாய்க்கும் போடலாம், லாப்ரடோருக்கும் போடலாம், முடி வெட்டிய ஷிட்சுவுக்கும் போடலாம். முடியையும் தோலையும் இது இழுப்பதில்லை, கண்ணுக்கும் தூரம். அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். நம்முடைய நாய்களுக்குப் பொருந்துவது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எல்லாக் கழுத்து முடிச்சும் ஒன்றல்ல. ஒற்றை வளையம் வைத்தது சுழன்று தலைகீழாகத் தொங்கும். இரண்டு வளையம், அவற்றுக்கிடையே ஒரு விரல்கிடை இடைவெளி, இதைப் பார்த்து வாங்குங்கள். இலாஸ்ரிக் நூல்போல் மெல்லியதாக இருந்தால் வேண்டாம். அரை அங்குல அகலத்தில் இரண்டு முனையும் தையலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். உங்கள் கடையில் விற்கும் கழுத்துப்பட்டிகளிலேயே மெல்லியதையும் அகலமானதையும் கையோடு கொண்டுபோய்க் கோத்துப் பாருங்கள். முடிச்சைத் தொண்டைப் பக்கம் விடாமல் பிடரிப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியும் விற்க வேண்டும். தொண்டையில் இருந்தால் தண்ணீர் குடிக்கும்போது நனையும், வாய்க்கும் எட்டும். பிடரியில் இருந்தால் அந்த நாய்க்கு எட்டாது. கூட விளையாடும் இன்னொரு நாய்க்கு எட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நன்மை. படலை திறந்திருக்கும் நேரம் பார்த்து ஒழுங்கைக்கு ஓடுகிற நாய்கள் நம் ஊரில் ஏராளம். கழுத்தில் துணிமுடிச்சு தெரிந்தால் அது ஒரு வீட்டு நாய் என்று தூரத்திலேயே தெரியும். முடிச்சின் நடுவைச் சுற்றி இறுக்கும் நடுப்பட்டியில் ஒளியைத் திருப்பிக் காட்டும் நாடா ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் இரவில் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்துக்கும் பளிச்சிடும். அழகுக்காகச் செலவழிக்கத் தயங்குகிற ஒருவர்கூட இதற்காக வாங்குவார்.

துணி, சாயம், கிணற்றுத் தண்ணீர்

பளபளக்கும் சட்டின் ரிபன் கடையில் அழகு. நாயில் இரண்டு நாள் அழகு. வழவழப்பானதால் முடிச்சு தளரும், நகம் பட்டால் நூல் இழுபடும். குறுக்கே மெல்லிய வரி ஓடும் தடித்த ரிபன் இருக்கிறதே, அது விலை சற்றுக் கூட. ஆனால் மடித்த மடிப்பில் நிற்கும், நனைந்து காய்ந்தாலும் வடிவம் குலையாது. குடுமி முடிச்சுக்கு அதையே தெரிவு செய்வேன். ஓர்கன்சா, வலைத்துணி இரண்டும் தோலை உரசும். வெல்வெட் நம்முடைய சூட்டுக்கு ஏற்றதல்ல. சோழகக் காற்று கொண்டுவரும் புழுதி முழுவதும் அதில்தான் தங்கும். பாடசாலைப் பிள்ளைகள் பின்னலுக்குக் கட்டும் ரிபன் எந்தப் பான்சிக் கடையிலும் கிடைக்கிறது. மெலிந்து தொய்வது அதன் குறை. அவசரத்துக்கு வாங்கலாம், கடைப்பெயர் போட்டு விற்க அது போதாது.

பொலியெஸ்டர் ரிபனின் முனையைச் சுடரில் காட்டி உருக்கி அடைத்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். அடைக்காத முனை பிரிந்து நூல்நூலாகத் தொங்கும், நாய் அந்த நூலைப் பிடித்து இழுக்கும். நூலும் ரிபனும் குடலுக்குள் போவது சாதாரண விடயம் அல்ல. ஒரு முனை எங்காவது சிக்கிக்கொண்டால், குடல் அந்த நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி அறுபடும், சத்திரசிகிச்சைதான் வழி. பூனைகள் இந்த ஆபத்தில் அதிகம் சிக்குகின்றன. ஆகவே பூனைக்கென்று கேட்டு வருகிறவருக்கு ரிபன் முடிச்சை விற்காமல் அனுப்புவதே சரி.

பருத்தித் துணி உருகி அடையாது. விளிம்பை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். அப்படித் தைத்த பருத்தி முடிச்சு கழுத்துக்கு மிக நல்லது. வியர்க்காத நாய்க்கும் கழுத்தடியில் ஈரம் இருக்கும். குளிப்பாட்டிய பிறகும் மழைக்குப் பிறகும் அது காயாமல் நின்றால் புண் வரும். பருத்தி ஈரத்தை இழுத்தாலும் வெயிலில் கழற்றிப் போட்டால் விரைவில் காய்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் மட்டும் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். இது விற்பனைத் தந்திரம் அல்ல. நாய்க்கு உண்மையாகவே தேவையானது.

தண்ணீரைப் பற்றி வெளியூர் மொத்த வியாபாரி யோசிக்கமாட்டார், நாம் யோசிக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் குடாநாட்டில் கிணற்று நீர் வன்னீர். பல ஊர்களில் சவர். சவர்க்காரம் போட்டுத் துவைத்தால் வெள்ளைப் படிவு துணியில் தங்குகிறது. கறுப்பு, கடும் நீலம், அரக்குச் சட்டின்களில் அது திட்டுத்திட்டாகத் தெரியும். ஓரிரு சலவைக்குள் பழசாகிவிடும். பூப்போட்ட பருத்தி, கட்டம் போட்ட துணி, இளநிறங்கள் இந்தப் படிவை மறைத்துக்கொள்கின்றன. கடும் நிறங்களில் நான் முதலீடு செய்யாததற்குக் காரணம் இதுதான்.

சாயம் போகிறதா என்பதை வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சிவப்பு ஏறினால், வெள்ளைப் பொமேரேனியனின் கழுத்திலும் ஏறும். நத்தாருக்கு வரும் சிவப்பு முடிச்சுகளை இந்தச் சோதனை இல்லாமல் வாங்கவே கூடாது.

முத்து, கல், சலங்கை, பிளாஸ்டிக் பூ ஒட்டியவை வேண்டாம். சுடுபசையால் ஒட்டிய எதுவும் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இளகும், பிறகு நாயின் பல்லுக்குக் கழன்று வரும். மினுக்கி எரியும் சிறு விளக்கு வைத்த முடிச்சுகளைக் கடைக்குள்ளேயே எடுக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் பொத்தான் பற்றரி விழுங்கப்பட்டால் உணவுக்குழாயை எரித்துவிடும். தைத்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாதிரியையும் இழுத்துப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

எங்கே வாங்குவது?

கொழும்பு புறக்கோட்டை முதல் வழி. குறுக்குத் தெருக்களிலும் கெய்சர் வீதியிலும் ரிபன், கிளிப், பான்சிச் சாமான்கள் மொத்தமாகக் கிடைக்கின்றன. விலை குறைவு, இது அதன் பலம். பலவீனம், கலப்புப் பொதி. பத்து நிறம் கலந்த பொதியில் ஆறு நிறம் ஓடும், மீதி நாலு சுவரிலேயே வெளுக்கும். நாய்க்கென்று செய்ததும் பிள்ளைகளின் தலைக்கென்று செய்ததும் ஒரே இடத்தில் தொங்குவதால் கிளிப் வகைதான் அதிகம் கையில் அகப்படும். பழுதானதைத் திருப்பிக் கொடுக்க சுமார் 400 கிலோமீற்றர் போக முடியாது. ஆனால் ரிபன் ரோலும் இலாஸ்ரிக்கும் அங்கே வாங்குவது நிச்சயம் இலாபம்.

சீனாவிலிருந்து இணையம் வழியாக வரவழைப்பது இரண்டாவது. சிறு ரப்பர் வளையங்களுக்கு இந்த வழி பயன்படும். அவை உள்ளூரில் தரமாகக் கிடைப்பது அரிது. முடிச்சுகளுக்கு இந்த வழி வேண்டாம் என்பேன். படத்தில் பின்பக்கம் காட்டமாட்டார்கள். வந்து சேரும் நாளும் சுங்கத் தீர்வையும் நம் கையில் இல்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதைப் பார்த்த சிறு வியாபாரி, கடையின் முழுச் சரக்கையும் வெளிநாட்டு விலையில் கட்டிவைக்கத் துணியக் கூடாது.

மூன்றாவது வழி நம் ஊரிலேயே தைப்பிப்பது. சட்டை, பாடசாலைச் சீருடை தைக்கிற பெண்கள் எல்லாக் குறிச்சியிலும் இருக்கிறார்கள். மெஷினும் கைத்திறமையும் இருக்கிறது, தைத்து மிஞ்சிய நல்ல பருத்தி வெட்டுத்துண்டுகளும் இருக்கின்றன. நான் மனதாரப் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

அளவு இப்படிப் போகிறது. நாலு அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமுமான கழுத்து முடிச்சுக்கு, தையல் விளிம்போடு சேர்த்து ஒன்பதுக்கு ஐந்து அங்குலத் துண்டு வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றர் எடுத்தால் 32 துண்டுகள் வெட்டலாம். ஓரத்தில் மிஞ்சும் நாடா நடுப்பட்டிகளுக்குப் போதும். குடுமிக்கான சிறு ரிபன் முடிச்சுக்கு, எட்டில் ஐந்து பங்கு அங்குலம் என்று கடையில் சொல்வார்கள், 16 மில்லிமீற்றர் அகல ரிபன் என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஒன்பது அங்குலம் போகும். 25 யார் ரோல் ஒன்று 900 அங்குலம். கழிவு போக 90க்கு மேல் கிடைக்கும்.

தைப்பவரிடம் சொல்ல வேண்டியவை சில. துணியை முதலில் துவைத்துச் சுருங்க விட வேண்டும். பசை எங்கேயும் கூடாது. நடுப்பட்டியைக் கையால் இரட்டைத் தையல் போட்டு இறுக்க வேண்டும். இலாஸ்ரிக் முனை வெளியே தெரியக் கூடாது. முதல் மாதிரியைக் கையில் வாங்கி, வலுவாக இழுத்துப் பார்த்து, துவைத்துக் காயவைத்த பிறகே மீதிக்குச் சொல்லுங்கள். கூலியை எண்ணிக்கைக்குப் பேசி, சரக்கு வாங்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். விற்ற பிறகு தருகிறேன் என்று சொல்லிக் குடும்பம் நடத்தும் பெண்ணைக் காக்க வைப்பது பாவம். நேரத்துக்குப் பணம் கொடுக்கிற கடைக்குத்தான் பண்டிகை நெருக்கத்திலும் வேலை நடக்கும்.

விலையில் உள்ளூர்த் தையல் தோற்றுவிடும் என்பார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். புறக்கோட்டைப் பொதியில் நூறு முடிச்சு, ஒன்று 40 ரூபாயாக 4,000 என்று வையுங்கள். 120க்கு விற்கிறீர்கள், கலப்பு நிறத்தால் 60 போகிறது, 7,200 வருகிறது, கையில் நிற்பது 3,200, சுவரில் நிற்பது 40 முடிச்சு. அதே 4,000 ரூபாய்க்கு ஊரில் 100 ரூபாய்ப்படி 40 முடிச்சு தைக்கலாம். நிறத்தை நீங்களே தெரிந்தெடுத்ததால் 36 விற்கிறது. ஒன்று 250 என்றால் 9,000. கையில் 5,000, மிச்சம் நாலே நாலு. உங்கள் ஊரின் உண்மை விலைகளை இதில் போட்டுப் பாருங்கள். தொகை மாறும், தேங்கும் சரக்கு இலாபத்தைத் தின்பது மாறாது. துவைத்துப் பாவிக்கும் பொருளுக்கு 250 கொடுக்கத் தயங்காதவர், இரண்டு நாளில் கழன்று விழுவதற்கு 120 கொடுத்ததை மறக்கமாட்டார்.

பனையோலையில் முடிச்சுச் செய்து விற்கலாமே என்று சிலர் ஆசையோடு கேட்பதுண்டு. பனை மீது எனக்கும் பற்றுண்டு. ஆனால் ஓலை விளிம்பு தோலை அறுக்கும், காய்ந்தால் நார்நாராகப் பிரியும், நாய் மெல்லும். ஓலையில் முடிச்சுகளை அடுக்கி வைக்கும் பெட்டி செய்வியுங்கள்; கடைக்கே அது ஒரு களை.

முதல் கொள்வனவு

சிறிய கடைக்கு முதல் தடவை நூறு முடிச்சுக்கு மேல் தேவையில்லை. எழுபது கழுத்து முடிச்சு. அதில் பாதி நாலு அங்குல அளவு, மீதி ஊர்க் குட்டிகளுக்கும் டாஷண்டுக்கும் மூன்று அங்குலம், லாப்ரடோருக்கும் ஷெப்பர்டுக்கும் ஐந்தரை அங்குலம். இருபது குடுமி முடிச்சு, வரி ரிபனில், ரப்பர் வளையத்தோடு. பத்து லேஞ்சி, பொமேரேனியன் வைத்திருப்பவர்களுக்கு. கிளிப் பூச்சியம்.

நிறம் ஐந்து போதும். மஞ்சள் கட்டம், இளநீலப் பூ, வெள்ளையில் சிவப்புப் புள்ளி, இலைப்பச்சை, இளஞ்சிவப்பு. கறுப்பு முடியில் மஞ்சளும், செம்மண் நிற ஊர் நாயில் நீலமும் எடுப்பாகத் தெரியும். கடைச் சுவரில் நன்றாகத் தெரிவது நாயில் தெரியாமல் போகலாம், ஆகவே மாதிரியை நாயின் கழுத்தருகே பிடித்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஓம், சிலுவை, பிறை, தெய்வப் படம் அச்சிட்ட துணி எதையும் நாயின் கழுத்துக்கு வெட்டக் கூடாது. யாரோ ஒருவர் மனம் நொந்தால் ஒரு முடிச்சின் இலாபத்தால் அதை ஆற்ற முடியாது.

கடையில் போட்டுப் பார்க்கக் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அதற்கென்று அளவுக்கொன்றாக மாதிரி முடிச்சு வைத்து, ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் துவையுங்கள். ஒரு நாயின் உண்ணியும் படர்தாமரையும் புது முடிச்சோடு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. “தங்கச்சி, இதை எத்தனை நாள் கழற்றாமல் விடலாம்?” என்று ஒரு அம்மா கேட்டால், “இரவில் கழற்றிவிடுங்கள் அம்மா, கழற்றும்போது காதடியிலும் கழுத்திலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் நாய்களைக் கொண்டுபோகிற நோய். ரிபன் கழற்றும் சாட்டில் தினமும் ஒரு கை நாயின் கழுத்தைத் தடவுமானால் அதைவிட நன்மை வேறில்லை. இந்த இரண்டு வரியையும், குடுமி முடிச்சானால் ‘வளையத்தை இழுக்க வேண்டாம், வெட்டி எடுக்கவும், காதில் கட்ட வேண்டாம்’ என்பதையும் தமிழில் அச்சடித்து ஒவ்வொன்றோடும் சிறு அட்டையாக இணையுங்கள்.

இரண்டாவது கொள்வனவுக்கு எது ஓடியது என்பதைக் குறித்து வைத்த கொப்பி மட்டும் போதும். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசையிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள். 25 நாள் திருவிழாவும் வெளிநாட்டு உறவினர் வீடு நிறைய வந்து நிற்கும் காலமும் ஒன்றாக வருகின்றன. கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள் அம்மம்மா வீட்டு நாய்க்கு எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். ஆனி பிறந்ததும் துணியைத் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்தால் அவருக்கும் திருவிழாவுக்கான சட்டைகளைத் தைக்கவே நேரம் சரியாக இருக்கும்.